கழுதைகளின் பாலமும் ஒரு கடதாசி மடிப்பும்

மன்னாரில் வளர்ந்தவர்களுக்குக் கழுதையை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கடைத்தெருவிலும் பஸ் நிலையத்தடியிலும் அவை தம் பாட்டில் நிற்கும். மழை வந்தால் கடை விறாந்தையில் வந்து ஒதுங்கும். அந்தக் காலத்தில் அரபு வணிகர்கள் கொண்டுவந்து விட்டவை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதனால்தான், 1979இல் ஒன்பதாம் வகுப்பில் எங்கள் கணித சேர் கரும்பலகையில் 'பொன்ஸ் அசினோரும்' என்று எழுதி, "கழுதைகளின் பாலம்" என்று பொருள் சொன்னபோது, பின்வாங்கில் ஒருவன் எழும்பி, "சேர், எங்கட பாலமா?" என்று கேட்டான். மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தைத்தான் கேட்டான். எங்களுக்கு வேறு பாலம் தெரியாது.

சேர் இளவயதில் சில வருடம் குருமடத்தில் படித்தவர். இலத்தீன் தெரியும். எங்கள் அம்மம்மாவும் பிரார்த்தனைக்கு 'ஓரா ப்ரோ நோபிஸ்' என்று பதில் சொல்லுவா. கோயிலுக்குள் மட்டும் கேட்ட பாஷை கேத்திரகணிதத்துக்குள் வந்து நின்றது எனக்கு அன்று பெரிய அதிசயம்.

பாடம் மிகச் சின்னது. இருசமபக்க முக்கோணி ஒன்றின் அடிக்கோணங்கள் சமம். கிறிஸ்துவுக்கு முன் 300ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் இருந்த யூக்கிளிட் என்ற கணிதரின் 13 புத்தகங்களில், முதலாவது புத்தகத்தின் ஐந்தாவது தேற்றம். முதல் நான்கையும் எவரும் கடந்துவிடலாம். ஐந்தாவதில்தான் ஆட்கள் நின்றுவிடுவார்கள். 13ஆம் நூற்றாண்டில் ரோஜர் பேக்கன் என்ற ஆங்கிலேயத் துறவியும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் காலத்தில் இதற்குப் பெயர் 'எலெஃபுகா'. பாவப்பட்டவர்களின் ஓட்டம் என்று அவர் பொருள் சொன்னார். தொடங்கினவர்களில் பலர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு ஓடினார்களாம்.

ஏன் ஓட வேண்டும் என்று எங்களுக்கு விளங்கவில்லை. படத்தைப் பார்த்தாலே இரண்டு கோணமும் சமம் என்று தெரிகிறதே. நானே எழும்பிக் கேட்டேன். சேர் ஒன்றும் சொல்லாமல் பலகையில் இரண்டு முக்கோணி வரைந்தார். "எது இருசமபக்கம், சொல்லும் தம்பி" என்றார். இடதில் இருந்ததைக் காட்டினேன். அடிமட்டத்தைத் தந்து அளக்கச் சொன்னார். இடது முக்கோணியில் ஒரு பக்கம் மற்றதைவிட ஒரு விரற்கடை கூடுதலாக இருந்தது. அன்றைக்குத்தான் நிறுவல் என்ற சொல்லின் தேவை எனக்குப் புரிந்தது. தெரிந்த ஒன்றை நிறுவுவதுதான் இந்தத் தேற்றத்தின் கஷ்டம். தெரியாததை நிறுவும்போது மனம் ஒவ்வொரு படியாகக் கால் வைக்கும். தெரிந்ததை நிறுவச் சொன்னால் நேரே முடிவுக்குப் பாயும்.

சரி, வகுப்பில் கெட்டிக்காரர்கள் உடனே வழி சொன்னார்கள். உச்சிக்கோணத்தை இரண்டாகப் பிரித்து ஒரு கோடு கீறினால் இரண்டு முக்கோணி வரும், இரண்டு பக்கமும் இடைக்கோணமும் சமம், ஆகவே ஒருங்கிசையும், அதாவது ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்தும், முடிந்தது. பாடநூலில் இருந்ததும் அதுதான், பரீட்சைக்கு அது போதும். சேர் ஒத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கலாம் என்று யூக்கிளிட்டுக்கு எப்படித் தெரியும்?" கவராயத்தால் என்றோம். "கவராயம் தந்தது சரிபாதிதான் என்று?" அதற்குப் பதிலில்லை.

அந்தப் பதிலை அவரே பின்பக்கமாக நடத்திக் காட்டினார். கோணத்தைப் பிரிப்பது ஒன்பதாவது தேற்றம். அதை நிறுவ எட்டாவது வேண்டும். எட்டாவதுக்கு ஏழாவது வேண்டும். ஏழாவதை நிறுவ வேண்டுமென்றால் ஐந்தாவது வேண்டும்! சுற்றிச் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றோம். வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. எத்தனையோ கணித நூல்களை பின்னாளில் படித்தேன், அந்த அமைதியைப் போல ஒன்றை இன்னும் சந்திக்கவில்லை.

பிறகு யூக்கிளிட் போட்ட பாலத்தைக் கீறினார். ஏ உச்சி, பீசீ அடி. ஏபீயையும் ஏசீயையும் அடிக்குக் கீழே நீட்டி, அந்த நீட்சிகளில் எஃப், ஜீ என்று உச்சியிலிருந்து சமதூரத்தில் இரண்டு புள்ளி. எஃப்பை சீயோடும் ஜீயைப் பீயோடும் இணைத்தால், குறுக்குச் சட்டம் அடித்த மரப்பாலம் மாதிரி ஒரு படம் வரும். முதலில் பெரிய முக்கோணிகள் இரண்டும் ஒருங்கிசையும். அதை வைத்துக் கீழே உள்ள சின்ன முக்கோணிகள் இரண்டும் ஒருங்கிசையும். கடைசியில் சமமான பெரிய கோணங்களிலிருந்து சமமான சின்னக் கோணங்களைக் கழித்தால் மிஞ்சுவது அடிக்கோணங்கள். நான்காவது தேற்றத்துக்கு மேலே ஒன்றையும் தொடவில்லை. கொப்பியில் எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது.

கழுதை என்ற பெயரைப் பற்றிச் சேருக்கு ஒரு விளக்கம் இருந்தது. மண்டைக்குள் ஏறாதவர்களைச் சொன்ன பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு: படத்தில் உள்ள பாலத்தின் இரு முனையும் செங்குத்தாக ஏறும், குதிரையால் அதில் ஏற முடியாது, கால் பிசகாமல் அடிவைக்கும் கழுதை ஏறிக் கடந்துவிடும். சேர் இந்த இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டார். "நீங்கள் மன்னார்ப் பிள்ளைகள். கழுதை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்" என்றார்.

அவர் அதை யாருக்காகச் சொன்னார் என்று எனக்கு அப்போதே தெரியும். பின்வாங்கில் இருந்து "எங்கட பாலமா" என்று கேட்டவனை இன்னொரு பாடத்தில் கழுதை என்றுதான் கூப்பிடுவார்கள். கடற்தொழில் வீட்டுப் பிள்ளை. விடியப்புறம் கரைக்குப் போய் வலை இழுத்துவிட்டு வருவான். முதல் பாடத்தில் கண் சொருகும்.

மூன்றாம் நாள் அவன் தானாகவே பலகைக்குப் போனான். கையில் கொப்பிக் கடதாசியில் வெட்டிய ஒரு இருசமபக்க முக்கோணி. அதைப் பலகையில் வைத்து வெண்கட்டியால் சுற்றிக் கீறினான். பிறகு கடதாசியை மறுபக்கம் புரட்டி அதே கோட்டுக்குள் வைத்தான். பொருந்திக்கொண்டது. "சேர், இடது பக்கம் வலது பக்கமாகப் போயிற்று. இரண்டும் சமம். உச்சி அதே உச்சி. அப்ப கோணமும் சமம்தானே?" என்றான்.

சேர் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். 1,600 வருடங்களுக்கு முன் அதே அலெக்சாந்திரியாவில் பாப்பஸ் என்ற கணிதர் சொன்னது இதுதான் என்றார். புதுக் கோடு ஒன்றும் வேண்டாம். ஏபீசீ என்ற முக்கோணியை ஏசீபீ என்ற அதே முக்கோணியோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். அவனுடைய பெயரைப் பலகையின் மேல் மூலையில் எழுதி, வெள்ளிக்கிழமை வரை அழிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

புலம்பெயர்ந்து கணினித் துறைக்கு வந்த பிறகு ஒரு செய்தி படித்தேன். 1956இல் மார்வின் மின்ஸ்கி என்ற செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர், இயந்திரம் எப்படிக் கேத்திரகணிதம் செய்யும் என்று காகிதத்தில் தானே படிப்படியாக நடத்திப் பார்த்தபோது, வந்த நிறுவல் இந்தப் புரட்டல்தான். மின்ஸ்கிக்கு யாரும் பாப்பஸைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் பின்வாங்குக்காரனுக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. படித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை, கடலுக்குப் போய்விட்டான். 1990இல் பாலம் உடைந்தது. நாங்களும் சிதறினோம். 2010இல் புதுப்பாலம் திறந்த பிறகு ஒருமுறை போனேன். சேர் இல்லை, கழுதைகள் இருந்தன. அவனுடைய வீடிருந்த வளவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். இராமேஸ்வரம் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், பேசாலையில் இருப்பதாக இன்னொருவர் சொன்னார்.

இந்த மலர் பல நாடுகளுக்கும் போகும். எங்கள் 1979 ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால் சங்கத்துக்கு எழுதுங்கள். பெயரை நான் இங்கே போடவில்லை. கடதாசியைப் புரட்டியவன் என்று சொன்னால் போதும், அவனுக்குத் தெரியும்.