பூந்தொட்டிச் சிப்பாய்கள்

போன தீபாவளி விடுமுறைக்கு மச்சான் பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டுக்கு வந்திருந்தான். சாப்பாட்டு மேசையைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, பொம்மைச் சிப்பாய்களை வைத்து, மலாயாவில் நடந்த சிலிம் ரிவர் சண்டையை ஆட உட்கார்ந்தோம். 1942 ஜனவரி 7, விடிவதற்கு முன்னாலேயே ஜப்பானிய டாங்கிகள் பெருஞ்சாலையோடு வந்து பிரிட்டிஷ் படையின் தற்காப்பை உடைத்துக்கொண்டு போன சண்டை. சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டம். பஞ்சாப் பட்டாளம் என் கையில்.

ஆட்களைத் தார்ச்சாலையில் இறக்கினதுமே மச்சான் சிரித்துவிட்டான். "என்னா மச்சான், ஒவ்வொருத்தனும் பூந்தொட்டியோட நிக்கறான்?"

கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரிதான். 28 மில்லிமீட்டர் பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் காலடியில் 25 மில்லிமீட்டர் பேஸ், அதாவது நிற்க வைக்கும் வட்டத் தட்டு. அதில் மணல் ஒட்டி, மண் நிறம் பூசி, பச்சைப் புல்லைத் தூவி வைத்திருந்தேன். அலமாரியில் பார்த்தால் கண்ணுக்கு அழகு. கறுப்புச் சாலையில் வைத்தால் ஆளாளுக்கு ஒரு தோட்டத்தைக் காலடியில் கட்டிக்கொண்டு வந்த மாதிரி. அதே ஆள் ரப்பர் பால்மரத்தடிக்குப் போனாலும், கடைத்தெரு அஞ்சடி நடைபாதைக்குப் போனாலும் அந்தப் புல் விடாமல் கூடவே போகிறது.

மறுவாரமே விளம்பரப் பலகை செய்யும் கடை ஒன்றில் போய் நின்றேன். அடியில் இருக்கும் தரை அப்படியே தெரியட்டும் என்று, கண்ணாடி மாதிரி தெளிவான அக்ரிலிக்கை லேசரில் வட்டவட்டமாக வெட்டித் தரச் சொன்னேன். "சாவிக்கொத்தா?" என்றார் கடைக்காரர். "சிப்பாய்" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. காலாட்படைக்கு 2 மில்லிமீட்டர் தடிப்பு, இயந்திரத் துப்பாக்கிக் குழுவுக்கு மட்டும் 40 மில்லிமீட்டர் அகலத்தில் 3 மில்லிமீட்டர் தடிப்பு. தடிப்பு கூடக்கூட விளிம்பு டியூப் லைட் வெளிச்சத்தை வாங்கி வளையமாக மின்னும். ரொம்ப மெல்லிசாகப் போனால் விரலுக்குப் பிடி கிடைக்காது. பேஸைப் பிடிக்க முடியாதவன் துப்பாக்கியைப் பிடித்துத் தூக்குவான், பயனெட் வளையும். மச்சானைத்தான் சொல்கிறேன்.

ஒட்டும் வேலையில்தான் மாட்டிக்கொண்டேன். பதினெட்டு ஆட்களைச் சூப்பர் குளூவில் ஒட்டி, தூசி படக்கூடாதே என்று பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிவிட்டு இரவு வேலைக்குப் போய்விட்டேன். வெளியே நவம்பர் மழை. காலையில் வந்து திறந்தால் பதினெட்டு பேரும் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறார்கள். பேஸ், பூட்ஸ், முழங்கால் வரைக்கும் வெள்ளை. அந்தப் பசை காயும்போது எழும் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பக்கத்தில் இருப்பதன்மேல் வெள்ளைப் பொடியாகப் படியும். பினாங்கு ஈரம், மூடின டப்பா, பதினெட்டு சொட்டு. வேறென்ன வேண்டும்?

அத்தோடு விட்டேனா? ஆல்கஹால் கலந்த கைசுத்தத் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். சிறிது நேரத்தில் விளிம்பிலிருந்து உள்நோக்கி மயிர் மயிராக விரிசல். லேசர் சூட்டில் வெட்டின அக்ரிலிக்கில் விளிம்போரம் ஓர் இறுக்கம் தங்கியிருக்கும். ஆல்கஹால் பட்டால் அங்கேதான் பிளக்கும். நான் வேலை செய்யும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இயந்திரங்களின் அக்ரிலிக் கதவை ஆல்கஹாலால் துடைக்காதே என்று புதுப் பையன்களிடம் சொல்வதே நான்தான்.

இப்போது செய்கிற முறை வேறு. பொம்மையைப் போத்தல் மூடியில் தற்காலிகமாக ஒட்டி, வண்ணம், பளபளப்பைக் குறைக்கும் மேட் வார்னிஷ் எல்லாம் அங்கேயே முடித்துவிடுவேன். பேஸோடு வைத்து வார்னிஷ் அடித்தால் கண்ணாடி மங்கிப்போகும். உலோகப் பொம்மைகளுக்குக் காலோடு சேர்த்து வார்த்த தகடு ஒன்று இருக்கும். அது கண்ணாடியின் மேல் பிஸ்கட் மாதிரி தெரியும் என்பதால் வெட்டி, அரம் போட்டு எடுத்துவிட வேண்டும். பிறகு குதிகாலில் 1 மில்லிமீட்டர் துளை, அதில் பித்தளைக் கம்பி. பேஸிலும் அதற்கு நேராக ஒரு துளை. கைத்துளைப்பானை மெதுவாகச் சுற்ற வேண்டும்; அவசரப்பட்டால் அக்ரிலிக் சூட்டில் இளகிப் பிடித்துக்கொள்ளும். கடைசியாக, இரண்டு குழாய்களில் வரும் எப்பாக்ஸிப் பசையைக் கலந்து பல்குச்சி நுனியில் கடுகளவு. அது பூட்ஸின் தடத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் சிப்பாய் எச்சிலை மிதித்தவன் மாதிரி நிற்பான்.

ஒரு வசதியை இழந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு பேஸுக்கு அடியில் காந்தம் ஒட்டி, படையை பிஸ்கட் டின்னில் அடுக்கிக் காரில் போட்டுக்கொண்டு போவேன். டின்னைக் கவிழ்த்தாலும் ஒருவனும் விழமாட்டான். கண்ணாடிக்கு அடியில் காந்தம் வைத்தால் கறுப்பு வட்டம் அப்படியே தெரியும். இப்போது பஞ்சுத் தட்டில் ஒவ்வொருவரையும் படுக்க வைத்துத் தூக்கிப் போகிறேன். மேலே விரல் ரேகை வேறு. ஆட்டத்துக்கு முன்னால் கண்ணாடி துடைக்கும் துணியோடு உட்கார வேண்டியிருக்கிறது.

கண்ணாடி பேஸ் மாயமாக மறைந்துவிடாது. தரையில் தண்ணீர் சொட்டின மாதிரி ஒரு வட்டம் தெரியத்தான் செய்யும். பத்து நிமிடத்தில் கண் அதை விட்டுவிடுகிறது. புல் பேஸை என் கண் ஒருநாளும் விட்டதில்லை.

போன சனிக்கிழமை அதே சண்டையை மறுபடி விரித்தேன். வடிகட்டின தேயிலைச் சக்கையைக் காயவைத்து, பால்மரங்களுக்கு அடியில் சருகாகத் தூவியிருந்தேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பேராக்கில் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அதிகாலையில் பால்வெட்டுக்குப் போனவர். என் பொம்மைகளை இத்தனை வருடத்தில் அவர் குனிந்து பார்த்ததில்லை. அன்று மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒரு சிப்பாயின் காலடியையே பார்த்தார்.

"இது எந்த மாசம்டா?"

"ஜனவரிம்மா. ஏழாந்தேதி."

"அப்ப ஏன் இம்புட்டு சருகு? தைப்பூசத்துக்கு அப்புறந்தான் பால்மரம் இலையக் கொட்டும். இப்ப நெரை பச்சையால்ல இருக்கணும்?"

மச்சான் அடுத்த டாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் அடுப்படிக்குப் போய் வண்ணத் தூரிகையும் காலி மைலோ டின்னும் எடுத்துவந்து, சிப்பாய்களை ஒவ்வொருவராக நகர்த்திச் சருகைக் கூட்டி அள்ளினேன்.