முப்பத்தெட்டு ‘விளங்கியதா’

குருமண்வெளியில் ஏறி மண்டூரில் இறங்குவதுதான் என் அன்றாடப் பயணம். மோட்டார் சைக்கிள்கள், தவிட்டு மூட்டை, ஆசிரியர்கள், சில நாட்களில் ஓர் ஆடு என எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு வாவியில் அசைந்து போகும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றே பெயர். 2014 இல் மண்முனைக்குப் பாலம் வந்துவிட்டது. ஆனால் அது வடக்கே வெகுதூரம்; எங்களுக்கு இன்றும் பாதைதான் கதி. நான் ஆசிரியத் தொழிலில் உருப்படியாக எதையாவது கற்றிருக்கிறேன் என்றால், அதில் பாதி இந்த மிதவையின் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றபடி கற்றதுதான்.

பயிற்சிகள் இல்லாமல் இல்லை. திறன் பலகையை (ஸ்மார்ட் போர்ட்) பயன்படுத்துவது பற்றி இரண்டு நாள் பயிற்சிக்கு ஒருமுறை போனேன். எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். வரவுப் பதிவேட்டில் நான்கு தடவை கையெழுத்து வைத்தோம், சோற்றுப் பார்சல் நன்றாக இருந்தது, பலகையை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அதன் திறப்பு வேறு யாரிடமோ இருந்ததாம்.

என் கற்றல் தொடங்கியது ஒரு டெங்குக் காய்ச்சலில். பதினோராம் தரத்தில் ஒரு பிள்ளை பத்து நாளாக வரவில்லை. தாய் வந்து, “ரீச்சர், கொப்பியைப் பார்த்து எழுதலாம், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டால்தான் அவளுக்கு ஏறும்” என்றார். திரை வெடித்துப்போய் மேசை லாச்சியில் கிடந்த பழைய கைத்தொலைபேசியை வெண்கட்டிப் பெட்டிக்குள் வைத்து, நாற்பது நிமிடப் பாடத்தை அப்படியே ஒலிப்பதிவு செய்தேன். அனுப்புவதற்கு முன் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க, திரும்பும் வழியில் காதில் மாட்டிக் கேட்டேன்.

மறுகரை வருவதற்குள் முகம் சுட்டுவிட்டது. என் குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கும் என்பது தெரிந்த விடயம்தான், அதற்காக அல்ல. கேள்வி கேட்கிறேன், ஒரு மூச்சு விடுவதற்குள் விடையையும் நானே சொல்கிறேன். பிறகு “விளங்கியதா?” என்கிறேன். பிள்ளைகள் “ஓம் ரீச்சர்” என்று பாட்டுப்போல இழுக்கிறார்கள். மறுபடி கேள்வி, மறுபடி என் விடை. வீட்டுக்குப் போய் மீண்டும் கேட்டு எண்ணினேன். நாற்பது நிமிடத்தில் முப்பத்தெட்டு ‘விளங்கியதா’. அதில் ஒன்றுக்குக்கூட “இல்லை” என்ற பதில் கிடையாது. பதினான்கு வருடமாக இப்படித்தான் படிப்பித்திருக்கிறேன். பாடக்குறிப்பைத் திருத்திய யாரும் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? பாடக்குறிப்பில் இது இருக்காதே.

இதற்குப் பெயர் வைத்து ஆராய்ந்தவர் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்திருக்கிறார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். அதாவது ஒலிநாடாக் காலத்திலேயே தெரிந்த சங்கதி. திறன் பலகைக்குத் திறப்புத் தேடிய நாங்கள் அதை அறியவில்லை.

ஆசிரியர் ஓய்வறையில் சிரித்தபடிதான் சொன்னேன். கணிதம் படிப்பிக்கும் தம்பி ஒருவர், “அக்கா, என்னுடையதையும் பதிந்து பார்க்கட்டுமா?” என்றார். கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் என் பழைய வகுப்புத் தோழியும் சேர்ந்துகொண்டார். மூன்றே பேர். அதிபரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டோம்; படம் எடுப்பதில்லை, குரல் மட்டும். வெள்ளிக்கிழமைகளில் ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை மாற்றிக்கொள்வோம். நன்றாக நடந்த பாடத்தை அனுப்பக் கூடாது என்பது தோழி போட்ட விதி. முதல் துண்டை அனுப்பிய இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கணிதத் தம்பி கரும்பலகையைப் பார்த்து முணுமுணுக்கிறார் என்பதும், தோழி முன்வரிசைப் பிள்ளைகளின் பெயரை மட்டுமே கூப்பிடுகிறார் என்பதும் அப்படித்தான் வெளிவந்தன. கோபமும் வந்தது, ஒரு கிழமை பேசாமலும் இருந்தோம். அதை இங்கே விரிக்கப் போவதில்லை.

காத்திருப்பது சொல்கிற அளவுக்கு எளிதல்ல. மேசைக்குக் கீழே விரல் மடக்கி ஐந்துவரை எண்ணினேன். அந்த ஐந்து செக்கன், வாவியின் நடுவில் இயந்திரம் நின்றுபோன பாதையைப்போல் இருக்கும்.

விஞ்ஞானப் பாடத்தில் அலைகள் அலகு வந்தது. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016 இல் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலியில் ஒலியால் இயங்கும் நிறுத்தற் கடிகாரம் ஒன்று இருக்கிறது. இரண்டு கைத்தொலைபேசிகளைப் பத்து மீற்றர் இடைவெளியில் வைத்தோம். ஒரு முனையில் கை தட்டினால் இரண்டு கடிகாரங்களும் தொடங்கும். மறுமுனையில் தட்டினால் இரண்டும் நிற்கும். ஒலி வந்துசேர எடுக்கும் நேரத்தால் இரண்டும் ஒரே அளவைக் காட்டா. அந்த வித்தியாசத்தில் ஒலி, போகப் பத்து வரப் பத்து என்று இருபது மீற்றர் போயிருக்கும். வேம்பில் இருந்த காகங்கள் நான்கு தடவை எங்களுக்கு முன்னே கடிகாரத்தை நிறுத்தின. ஐந்தாவது தடவை வித்தியாசம் 0.058 செக்கன். பிள்ளைகளே வகுத்துப் பார்த்தார்கள்: செக்கனுக்கு ஏறக்குறைய 345 மீற்றர்.

“நீரில் இந்த வேகம் கூடுமா, குறையுமா?” என்று கேட்டுவிட்டு விரலை மடக்கினேன். நான்காவது விரலில், கடைசி வாங்கில் இருக்கும் பையன் எழுந்தான். தகப்பனோடு தோணியில் போகிறவன். வகுப்பில் அவன் குரலை அதுவரை நான் சரியாகக் கேட்டதில்லை. “ரீச்சர், வாவியில் சுழியோடிக் கிடக்கும்போது இயந்திரத் தோணி வந்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும். ஆனால் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. தலையைத் தூக்கினால்தான் தெரியும். அது ஏன்?”

நான் கேட்ட கேள்விக்கு அது விடையல்ல. அவன் கேட்டதற்கு என்னிடமும் விடை இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

அன்று இரவு தேடி வாசித்தேன். ஒலி ஒரு காதுக்குச் சற்று முந்தியும் மற்றக் காதுக்குச் சற்றுப் பிந்தியும் வருகிறது. அந்த இடைவெளியைக் கொண்டும் மூளை திசையை அறிகிறது. நீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 1500 மீற்றர், காற்றில் இருப்பதைவிட நான்கு மடங்குக்கும் மேல். இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்கிவிடுவதால் நம் மூளை தடுமாறுகிறது.

மறுநாள் வகுப்பில் பெருமையோடு இதைச் சொல்லி முடித்தேன். பழக்கதோஷம், “விளங்கியதா?” என்றும் கேட்டுவிட்டேன். பையன் உட்காரவில்லை.

“அப்படியென்றால் மீனுக்கு எப்படி ரீச்சர் தெரிகிறது?”

பதிவில் அதற்குப் பிறகு ஒன்பது செக்கனுக்கு எந்தக் குரலும் இல்லை, வேம்பில் இருந்த காகத்தைத் தவிர.