பூஜ்யமும் ஒரு மதிப்புதான்: மேக்ஃபைல் நிபந்தனைகளைச் சோதித்த அனுபவம்

சேலத்தில் மின்னணுத் தராசுகள் செய்யும் ஒரு சிறு பட்டறைக்கு நான் நிரல் எழுதிக் கொடுக்கிறேன். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளுக்குக் கிராமில் இரண்டு தசமம் வரை காட்டும் தராசு ஒன்று, ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காப்பி மூட்டை நிறுக்கும் தராசு மற்றொன்று. இரண்டுக்கும் மூல நிரல் ஒன்றே. மூல நிரலைக் கருவியில் ஓடும் வடிவத்துக்கு மாற்றும் (கம்பைல் செய்யும்) வேலையை ஜிஎன்யு மேக் என்ற மென்பொருள் நடத்துகிறது. எதைக் கம்பைல் செய்வது என்பதை, அது படிக்கும் மேக்ஃபைல் என்ற கட்டளைக் கோப்பின் நிபந்தனை வரிகள் முடிவு செய்யும்.

ஒருநாள் கொலுசுப் பட்டறைக்காரர் அழைத்து, "தம்பி, எடையோட சேந்து என்னென்னமோ நம்பர் ஓடுது" என்றார். சோதனைக்காக நான் காட்டச் சொல்லியிருந்த சென்சார் அளவுகள் அவை. அவை வேண்டாமென்று 'டீபக்=0' என்று கொடுத்துத்தான் கம்பைல் செய்திருந்தேன்; ஆனால், நான் எழுதியிருந்த இஃப்டெஃப் என்ற நிபந்தனை, மாறி வெறுமையாக இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கும், பூஜ்யமா ஒன்றா என்று பார்க்காது.

அதன்பின் நிபந்தனைகளை மட்டும் தனியே சோதிக்கப் பத்து வரியில் ஒரு மேக்ஃபைல் எழுதி, ஒவ்வொரு கிளையிலும் திரையில் செய்தி காட்டும் ஓர் இன்ஃபோ வரியை வைத்தேன். மாறியைக் கொடுக்காமலும், வெறுமையாகவும், 0 என்றும், 1 என்றும் ஓட்டியதில், முதல் இரண்டு முறை மட்டுமே இஃப்டெஃப் கிளை விலகி நின்றது. ஆகவே இரண்டு மதிப்புகள் சமமா என்று ஒப்பிடும் இஃப்ஈக்யூவுக்கு மாறினேன். அதுவும் உடனே வழிக்கு வரவில்லை. தராசின் வகையைச் சொல்லும் மாறிக்கு 'சில்வர்' என்று எழுதிய வரியிலேயே ஓர் இடைவெளி விட்டுக் குறிப்பும் சேர்த்திருந்தேன். மதிப்பைச் சதுர அடைப்புக்குள் அச்சிட்டுப் பார்த்தபோது '[சில்வர் ]' என்று வந்தது. குறிப்பை மேக் நீக்கிவிடும், அதற்கு முன்னுள்ள இடைவெளியை நீக்காது. ஓரத்து இடைவெளிகளை நீக்கும் ஸ்ட்ரிப் போட்ட பிறகே ஒப்பீடு பொருந்தியது.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது வேறொன்று. வகையை அந்தந்த இலக்குக்கே (மேக் உருவாக்க வேண்டியதற்கே) உரிய மாறியாக வைத்தால் அழகாக இருக்குமென்று நினைத்தேன். கட்டளைகளில் மதிப்பு சரியாக இருந்தது. இஃப்ஈக்யூவுக்கோ அது கண்ணிலேயே படவில்லை. மேக், கோப்பைப் படிக்கும்போதே நிபந்தனைகளைத் தீர்த்துவிடுகிறது. இலக்குக்குரிய மதிப்போ அந்த இலக்கை உருவாக்கும் வேளையில்தான் உயிர் பெறுகிறது. ஆகவே, ஒவ்வோர் இலக்கும் வகையைக் கட்டளை வரியிலேயே கொடுத்து மேக்கை மறுபடி அழைக்கும்படி மாற்றினேன்.

கோளாறு இருந்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மறுபடி ஏற வேண்டுமே என்ற பயத்தில், ஏற்காட்டுத் தராசைச் சேலத்திலேயே மூட்டை வைத்துப் பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன்; மூட்டையின் எடையை அது கொலுசுத் தராசைப் போலக் கிராமில் காட்டியது. மாறியின் மதிப்பு மாறியதை மேக் பொருட்படுத்துவதில்லை, கோப்புகளின் நேரத்தைத்தான் ஒப்பிடுகிறது என்பதால், வெள்ளித் தராசுக்குக் கம்பைல் செய்து உருவான பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளே இதிலும் சேர்ந்துவிட்டன. இப்போது இரண்டு வகைக்கும் தனித்தனிக் கோப்புறைகள்.