காவலூரில் இரவு வேலை

ஜவ்வாது மலையில், ஆலங்காயம் தாண்டி இருக்கும் காவலூர் வானாய்வகத்தில் இரவுப் பணி பார்த்தேன் என்றால் உடனே வரும் கேள்வி, "தினமும் நட்சத்திரம் பார்ப்பீங்களா?" நான் அதிகம் பார்த்தது ஈரப்பத மீட்டரைத்தான்.

இந்திய வானியற்பியல் மையம் நடத்தும் இடம் அது. கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம்தான், அதனால் மேகம் நமக்குக் கீழே நிற்காது, நம் தலைமேலேயேதான் சுற்றும். அதே மையத்தின் லடாக் ஹான்லே வானாய்வகம் 4500 மீட்டரில் இருக்கிறது, அங்கே காற்று காய்ந்தே கிடக்கும். ஆனாலும் காவலூரில் 12.5 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருந்துகொண்டு தென்வானத்தையும் நன்றாகவே பார்க்கலாம், அதற்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

1986-இல் ராஜீவ் காந்தி வானியலாளர் வைனு பாப்புவின் பெயரைச் சூட்டிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். ஒளியைத் திருப்பி அனுப்புவது மேலே பூசிய அலுமினியம்தான், அது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட வருமோ என்னமோ. அதில் பனித்துளி இறங்கி, தூசியோடு சேர்ந்து காய்ந்தால் போச்சு. கழுவி, வெற்றிடக் கலத்தில் வைத்து மறுபடி பூச வேண்டும். அதனால் ஈரப்பத மீட்டர் ஏறினால் டோமை, அதாவது தொலைநோக்கிக்கு மேலே திறந்து மூடும் கூரையை, மூடிவிடுவோம்.

சண்டை வருவது இங்கேதான். ஆராய்ச்சி மாணவருக்குக் கிடைத்திருப்பது இரண்டோ மூன்றோ இரவு, வெளியே வந்து பார்த்தால் வானம் பளிச்சென்று இருக்கிறது, "அண்ணா, ஒரு அரை மணி நேரம் திறக்கலாமே" என்று கெஞ்சுவார். மேகம் இல்லாத இரவிலும் ஈரம் ஏறும் என்று சொன்னால் நம்ப மனசு வராது, டார்ச்சை எடுத்துப் போய் டோமின் இரும்புப் படிக்கட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். கை நனைந்த பிறகு யாரும் வாதாடியதில்லை. பாவமாகத்தான் இருக்கும், ஆனால் அவர் விடிந்ததும் பஸ் ஏறிவிடுவார், அடுத்த வாரம் வருபவருக்கும் அதே கண்ணாடிதான்.

திறந்திருக்கும்போது கிடைப்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பதிவு செய்ய இங்கே 1 மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பினார்கள். கோள் வந்து சேருவதற்கு முன்பே நட்சத்திர ஒளி சட்டென்று குறைந்தது. முதலில் அதைப் புதுத் துணைக்கோள் என்றுதான் எழுதினார்கள், அப்புறம்தான் அது யுரேனஸைச் சுற்றியிருக்கும் வளையம் என்று தெரிந்தது. அதனால் காலை மூன்று மணிக்கு மீட்டர் இறங்கினாலும் சோம்பல்படாமல் திறப்போம், மாணவர் தூங்கியிருந்தால் எழுப்பிவிடுவதும் என் வேலைதான்.