ஹெட்டைக் கழற்ற முதல் பிரஷர் போடச் சொல்லுங்கள்

என் காரில் முழுதாகப் பிரித்துச் செய்த என்ஜின். ரிங், பெயரிங், கஸ்கட் செட் எல்லாம் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி வாங்கிக் கொடுத்தேன். ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஒயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஒயில் பால் தேத்தண்ணி நிறம்.

"புது என்ஜின் எண்டா உள்ளுக்க கொஞ்சம் வேர்க்கும் தம்பி, ஓட ஓடச் சரியாகும்" என்றார் கராஜ் பாஸ். ஒயில் மூடியின் அடியில் மட்டும் வெள்ளைப் பசை என்றால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. என்ஜின் நன்றாகச் சூடேறாமல் சந்திக்கு மட்டும் போய்வருகிற காரில் அப்படிப் படியும். தண்ணீரும் சேர்ந்து குறைந்தால் அது வேர்வை இல்லை. அவர் பேச்சை நம்பி ஓடவும் கூடாது. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற கூலன்ட்டில் இருக்கிற கிளைக்கோல் ஒயிலைக் கெடுத்துப் பெயரிங்கைத் தின்றுவிடும்.

காரை இரவு முழுக்க அசையாமல் விட்டு, காலையில் ஸ்டார்ட் பண்ணாமலே என்ஜின் அடியில் ஒயில் தங்குகிற சம்ப்பின் நட்டை மெல்லத் தளர்த்தினேன். தண்ணீர் ஒயிலைவிடக் கனம், அடியில் தங்கும். முதலில் வந்தது பச்சைக் கூலன்ட், அப்புறம்தான் ஒயில். அதைப் போனில் வீடியோ எடுத்துக் காட்டிய பிறகு வேர்வைக் கதை நின்றது.

உடனே "ஹெட் கஸ்கட்தான்" என்று, சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றினார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடுதான் அந்தக் கஸ்கட். லேத் வேலைத்தலத்தில் ஹெட்டைப் பிரஷர் போட்டு, அதாவது அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்து, வெடிப்பு இல்லை என்றார்கள். முகம் சீவி, புதுக் கஸ்கட் போட்டுப் பூட்டினார்கள். மறுபடி அதே நிறம். மறுபடி ஹெட், மறுபடி கஸ்கட், மறுபடி காசு.

கடைசியில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு மாளிகாவத்தைப் பக்கம் இன்னொரு பாஸிடம் போனேன். வயதான மனிதர். "பிரஷர் போட்டுப் பார்த்தாங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ஹெட்டை மட்டுமல்ல, முழு என்ஜினையும் கேட்டார். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவச் சோதனை செய்தார். சிலிண்டரில் எரிந்த காஸ் கலந்தால் அது மஞ்சளாகும். நீலமாகவே நின்றது. கம்பிரஷனும் எல்லாச் சிலிண்டரிலும் சமம். ஆக, சிலிண்டர் பக்கம் சந்தேகம் குறைவு. ஒயில் கூலர் ஓட்டை என்றால், என்ஜின் ஓடும்போது ஒயிலின் அழுத்தம் கூட என்பதால் ரேடியேட்டரிலும் ஒயில் மிதக்கும், அதுவும் இல்லை.

சம்ப்பையும் வால்வு கவரையும் கழற்றி, ரேடியேட்டரில் பம்பைப் பூட்டி, ரேடியேட்டர் மூடியில் போட்டிருக்கிற 0.9 அழுத்த அளவுக்கு ஏற்றினார். சிலிண்டர் அடியிலிருந்து சொட்டினால் பிளாக், முன்பக்கமிருந்து வந்தால் வாட்டர் பம்ப் அல்லது டைமிங் கவர் என்று சொல்லிக்கொண்டே டோர்ச் அடித்தார். கீழே ஒன்றுமில்லை. ஆனால் பம்பின் அழுத்த முள் இறங்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஹெட் போல்ட்டின் வாஷரைச் சுற்றி மெல்லிசாய்ப் பச்சை வளையம். துணியால் துடைத்தார், திரும்பவும் வந்தது.

போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் துளையின் அடியில் வெடிப்பு. அந்தத் துளைக்கு மறுபக்க வாசல் கிடையாது. உள்ளே தண்ணீரோ ஒயிலோ நிற்கும்போது போல்ட்டை முறுக்கினால் திரவம் அமுங்காது, இரும்புதான் வெடிக்கும். அப்புறம் கூலன்ட் புரி வழியாக மேலே ஏறி, ஒயில் இறங்கும் வழியாகச் சம்ப்புக்குப் போகும். இதற்கு எத்தனை கஸ்கட் மாற்றினாலும் என்ன!

பஞ்சிகாவத்தையில் பழைய பிளாக் ஒன்று கிடைத்தது. லேத்தில் பிரஷர் போட்ட பிறகுதான் காசு தருவேன் என்று பிடிவாதமாக நின்றேன். கடைக்காரர் முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டார். பூட்டும்போது பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு போல்ட் துளையையும் காற்றடித்துத் துணியால் ஒற்றச் சொன்னேன். நீங்களும் நில்லுங்கள்; ஹெட்டைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் அந்தத் துளைகளில் கூலன்ட் கொட்டும். பூட்டிய பிறகு விலை குறைந்த ஒயில் ஊற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு, ஃபில்டரோடு வடித்து, நிறம் தெளியும் வரை திரும்பவும் செய்ய வேண்டும்.

முதல் கராஜுக்கு வெடித்த பிளாக்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். கூலியில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். கஸ்கட் காசு மட்டும் இன்னும் வரவில்லை, பில்லை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.