குடையில் 18 நிமிடம்

அரிசோனாவில் ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவில் உள்ள பாலைவெளியில், ஸ்கைடைவிங் நடக்கும் ஒரு சின்ன விமானத்தளத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் பாராசூட் மடிக்கும் பேக்கர். பிறகு உரிமம் வாங்கி, பாராசூட்டைச் சோதித்துப் பழுதுபார்க்கும் ரிக்கர். இப்போது பயிற்றுநர். விமானத்தில் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் 13,000 அடியில் குதித்து, ஒரு நிமிடம் விழுந்து, தரைக்கு மேல் 3,000, 4,000 அடியில் குடையை விரிப்பார்கள். எப்போதாவது மூன்று நான்கு பேர் மட்டும் கதவைத் தாண்டிய ஐந்தாவது விநாடியிலேயே விரித்துவிட்டு, காற்றோடு பல கிலோமீட்டர் பறந்து வருவார்கள். மேலேயே விரிப்பதை 'ஹை புல்' என்போம், ஊர் தாண்டி வருவதை 'கிராஸ் கன்ட்ரி' என்போம். குளிர்காலத்தில் அந்தக் குழுவைக் கூட்டிப்போகும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடம்தான் வரும்.

இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். குடை படாரென்று விரியாமல் தடுக்கும் ஸ்லைடர் என்ற துணித்துண்டு கீழே வந்து குடை நிமிர்ந்ததும், விமானத்தின் இரைச்சல் தூரத்தில் தேய்ந்து, துணியில் காற்று உரசும் சத்தம் மட்டும் மிஞ்சும். கீழே பிக்காச்சோ மலை ஒரு கூழாங்கல் மாதிரி கிடக்கும். பக்கத்தில் பறப்பவரோடு கத்திப் பேசலாம், அவர் பதிலும் கேட்கும். டொமினா ஜால்பர்ட் 1964இல் காற்றை உள்ளே வாங்கிச் சிறகாக விறைக்கும் இந்தப் பாராஃபாயில் துணியை வடிவமைத்திருக்காவிட்டால், நாங்கள் இன்னமும் வட்டக்குடையில் தொங்கிக்கொண்டு காற்று தள்ளிய பக்கம் போய்க்கொண்டிருப்போம்.

ஆனால் அந்த அமைதிக்கான உழைப்பு முழுவதும் தரையில் நடக்கிறது. முந்தின இரவே மடிப்பைப் பார்க்க வேண்டும். எங்கள் விமானம் ஏறும் உயரத்தில் காற்று மெலிது. கடல்மட்டத்தில் மணிக்கு 190 கிலோமீட்டரில் விழும் உடல் அங்கே 240ஐத் தொடும். அந்த வேகத்தில் விரித்தால் தோளும் கழுத்தும் வாங்குகிற அடி சாதாரணமல்ல, குடையின் கயிறு அறுந்து துணியும் கிழியலாம். அதனால் வேகம் ஏறுவதற்கு முன்னாலேயே விரிக்கச் சொல்கிறோம், வால் சிறகைத் தாண்டிய பிறகுதான் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். குடையின் முன்வாய் மெதுவாகத் திறக்கும்படி மடித்திருக்கிறதா, ஸ்லைடர் கயிறுகளின் உச்சியில் ஒட்டி நிற்கிறதா என்று நானே உட்கார்ந்து பார்ப்பேன். ஆபத்துக்கு உதவும் ரிசர்வ் குடையை 180 நாளுக்கு ஒருமுறை ரிக்கர் பிரித்து மடித்து ஈயமுத்திரை வைத்திருக்க வேண்டும். தேதி ஒரு நாள் தாண்டியிருந்தாலும் அந்த ரிக், அதாவது அந்த முழுப் பாராசூட் பை, என் விமானத்தில் ஏறாது.

அப்புறம் ஸ்பாட், அதாவது எந்த இடத்துக்கு மேலே கதவைத் தாண்டுவது என்ற கணக்கு. காலையில் 3,000, 6,000, 9,000, 12,000 அடிக் காற்றறிக்கையை எடுத்துவைத்துச் சராசரி போடுவோம். அமெரிக்க ராணுவத்தின் பாராசூட் கையேட்டில் ஒரு வாய்ப்பாடு உண்டு: காற்றின் வேகத்தோடு 20.8ஐக் கூட்டு, செலவழிக்கக்கூடிய உயரத்தால் பெருக்கு, 48ஆல் வகு. முதன்முதலில் பார்த்தபோது இந்த எண்கள் எங்கிருந்து குதித்தன என்றே புரியவில்லை. பேக்கிங் மேசையில் ஒரு நாள் பென்சிலோடு உட்கார்ந்தபோதுதான் விளங்கியது. 20.8 என்பது குடை தானாக முன்னே போகும் வேகம், நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல்மைல். 48 என்பது அது ஒரு மணி நேரத்தில் இறங்கும் உயரம், ஆயிரம் அடிக் கணக்கில். அதாவது நிமிடத்துக்கு 800 அடி. 12,500 அடியில் விரித்து, தரையிறங்கும் சுற்றுக்காக 2,500 அடியைத் தொடாமல் வைத்தால் மிச்சம் 10,000 அடி. 20 நாட் காற்று முதுகில் இருந்தால் 8.5 கடல்மைல், ஏறக்குறைய 16 கிலோமீட்டர். காற்றே இல்லையென்றால் அதில் பாதிதான். இன்றைய குடைகளுக்கு அந்த இரண்டு எண்களும் பொருந்தாது. அதனால் ஒவ்வொருவரின் ஜிபிஎஸ் தடத்தையும் பார்த்து அவரவர் குடைக்கு என்று தனி எண் குறித்து வைத்திருக்கிறேன்.

எங்கள் குழு விமானத்தை விட்டுக் கடைசியாகத்தான் இறங்கும். விரிந்த குடையின் மேல் இன்னொருவர் விழுந்தால் இருவருமே பிழைப்பது அரிது. ஆகவே விமானியிடமும் கட்டுப்பாட்டு அறையிடமும் சொல்லிவிட்டு, அடுத்த விமானம் ஆள் இறக்குவதையும் நிறுத்திவைப்போம். மேகம் தென்பட்டால் போகமாட்டோம். 1959 ஜூலையில் வில்லியம் ரான்கின் என்ற அமெரிக்க மரீன் படை விமானி 47,000 அடியில் ஜெட்டிலிருந்து வெளியேறினார். அவர் குடை இடிமேகத்துக்குள் விரிந்தது. சில நிமிடங்களில் தரைக்கு வந்திருக்க வேண்டியவரை மேலெழும் காற்று தூக்கித் தூக்கிப் போட்டு, 40 நிமிடம் கழித்துத்தான் கீழே விட்டது. புதிதாக வருகிற ஒவ்வொரு குழுவுக்கும் இதைச் சொல்கிறேன்.

குளிரைத்தான் எல்லோரும் குறைத்து எடைபோடுகிறார்கள். தரையில் 18 டிகிரி இருக்கும் ஜனவரிக் காலையில் கதவருகே மைனஸ் 8 இருக்கும். நிமிடத்தில் விழுந்துவிடுகிறவருக்கு அது ஒரு சிலிர்ப்போடு போய்விடும். குடையில் தொங்குகிறவரோ மெல்லிய காற்றிலும் குளிரிலும் ஐந்தாறு நிமிடம் கிடந்த பிறகுதான் கடல்மட்டத்துக்கு மேல் 10,000 அடிக்கே வருவார். விரல் மரக்கும், தொடைப் பட்டை அழுத்திக் கால் மரக்கும். அதைவிட, யோசனை மந்தமாகும். மந்தமாகியிருப்பது நமக்கே தெரியாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரியில் தனியாகப் போனேன். மேலே மேற்குக் காற்று நன்றாகத் தள்ளியது. பாதிப் பிரேக்கில் பிடித்து, இறங்குவதை மெதுவாக்கி, காற்று கொண்டுபோகட்டும் என்று விட்டிருந்தேன். 4,000 அடிக்குக் கீழே காற்று அடங்கி, பிறகு முகத்துக்கு எதிராகத் திரும்பியது. கீழே பார்ப்பதில் ஒரு வழி இருக்கிறது. எதிரே ஒரு இடத்தைக் கவனித்தால், அது பார்வையில் மேலே ஏறிக்கொண்டே போனால் அங்கே போய்ச் சேரமாட்டோம். கீழே இறங்கினால் தாண்டிவிடுவோம். அசையாமல் நிற்கும் இடத்தில்தான் கால் படும். தளத்தின் ஹாங்கர் கூரை ஏறிக்கொண்டே போனது. நன்றாகத் தெரிந்தது. வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பாடமே அது. இருந்தும் காலுக்கு நேர்கீழே கடந்த பெரிய உழுத வயலை விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன். கடைசியில் பாசனக் கால்வாய்க்கும் மின்கம்பிக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதை மட்டும்தான் மிச்சம். குடையைத் திருப்பவும் நிறுத்தவும் இழுக்கும் கைப்பிடியான டாகிளை முழுக்க இழுக்க விரலில் பிடி இல்லை. முழங்கால் திருகிக்கொண்டது. அந்தக் கம்பி இன்னும் நாலடி இந்தப் பக்கம் ஓடியிருந்தால் என்ற நினைப்பு பல இரவு என்னை எழுப்பியிருக்கிறது.

அதன் பிறகு என் வரைபடத்தில் முதலில் தளத்தைக் குறிப்பதில்லை. வழியில் இறங்கக்கூடிய வயல்களைத்தான் முதலில் குறிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு உயரம். அந்த உயரத்தில் தளம் பார்வையில் ஏறிக்கொண்டிருந்தால் அந்த வயல்தான். மேலே போய் யோசிக்க ஒன்றுமே இருக்கக் கூடாது.

போன ஜனவரியில் சாண்ட்லரிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் வந்திருந்தான். ஐடி வேலை, இருநூற்றுச் சொச்சம் குதிப்பு. தமிழ்க்குரல் கேட்டதுமே "அண்ணா" என்று ஒட்டிக்கொண்டான். நான்கு பேராகப் போனோம். 6,000 அடி வரைக்கும் அவன் என் இடப்பக்கம், கையெட்டும் தூரம் மாதிரி. 3,500இல் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. வயிறு ஒரு நொடி காலியானது. பிறகுதான் தூரத்தில், இரண்டாம் எண் குறித்திருந்த குதிரைமசால் வயலின் மேல், அவனுடைய மஞ்சள் குடை காற்றை எதிர்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. நாங்கள் மூவரும் தளத்தில் இறங்கினோம், உயரம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனேன். வரப்போரம் குடையைச் சுருட்டி மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். முகம் வாடியிருந்தது.

"சாரிண்ணா. நீங்கல்லாம் போய்ட்டீங்க. எனக்கு அந்தக் கூரை ஏறிக்கிட்டே இருந்துச்சு. இன்னும் ரெண்டு மைலு இழுத்திருக்கலாமோ?"

"எத்தனை அடில திரும்புன?"

"நாலாயிரம். நீங்க எழுதியிருந்த மாதிரிதான்."

உட்கார்ந்து அவன் பூட்ஸ் நாடாவைப் பார்த்தேன், அவிழ்ந்திருந்தது. விரல் இன்னும் மரத்திருப்பதால் கட்ட முடியவில்லை என்றான். நானே கட்டிவிட்டேன். பிறகு இரண்டு பேருமாகக் குடையை விரித்து, துணியில் ஒட்டியிருந்த ஈர இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டோம்.