திரையில் ஒரு மயில்கழுத்து, தாளில் வேறொரு மயில்கழுத்து

வீட்டில் போட்டோ அச்சடிக்க ஆரம்பித்த எவரும் சீக்கிரமே வந்து நிற்கிற இடம் இதுதான்: திரையில் தெரிகிற நிறம் தாளில் வருவதில்லை. விசாரித்தால் பாதிப் பேர் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போடச் சொல்கிறார்கள், மீதிப் பேர் சாஃப்ட்வேரை மாற்றச் சொல்கிறார்கள். எது எதைப் பாதிக்கிறது என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சோதனைக்கு எடுத்துக்கொண்டது அம்மாவின் பழைய காஞ்சிபுரம் பட்டு. உடல் மயில்கழுத்து, கரை அரக்கு, ஓரத்தில் ஜரிகை. பிரிண்டருக்கு இதைவிடக் கஷ்டமான பரீட்சை வைக்க முடியாது, அதோடு அசல் சேலை கையிலேயே இருப்பதால் நிறத்துக்கு ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை.

கைவசம் இருந்தவை: ப்ராசஸரோடு வரும் கிராஃபிக்ஸ் மட்டும் உள்ள பழைய கணினி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய தனி கிராஃபிக்ஸ் கார்டு, 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர், ஆறு மை டேங்க் பிரிண்டர், படம் திருத்தும் சாஃப்ட்வேரான ஜிம்ப்.

முதலில் கார்டு. ஒரே கோப்பை, ஒரே தாளில், கார்டு இல்லாமல் ஒரு முறையும் கார்டு போட்டு ஒரு முறையும் அடித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் துளி வித்தியாசம் இல்லை. இருக்கவும் முடியாது. அச்சுக்குப் போகிற தகவல் சாஃப்ட்வேரிலிருந்து பிரிண்டர் டிரைவருக்கும், அங்கிருந்து பிரிண்டருக்கும் போகிறது, மானிட்டருக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருக்கிற கார்டு இதில் குறுக்கே வருவதே இல்லை. சந்தேகம் இருந்தால் விண்டோஸின் நைட் லைட் வசதியைப் போட்டுத் திரையை மஞ்சளாக்கிவிட்டு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து போனில் திறந்து பாருங்கள். மஞ்சள் இருக்காது. அந்தச் சாயம் சிக்னல் கார்டை விட்டு வெளியேறும் கடைசி நொடியில்தான் பூசப்படுகிறது, படத்தில் ஏறுவதில்லை. டார்க்டேபிள் மாதிரியான போட்டோ சாஃப்ட்வேர்களில் கார்டு இருந்தால் வேலை மளமளவென்று நடக்கும், அது உண்மை. அது வேகத்தில் வரும் லாபம், நிறத்தில் வருவது இல்லை.

அப்படியானால் கார்டுக்கும் அச்சுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது, சுற்றி வளைத்து. தனிக் கார்டில் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகியதும் படம் முழுக்க ஒரு மெல்லிய வெளிறல். டிவி சிக்னலில் கறுப்பு என்பது 16, வெள்ளை என்பது 235. கணினியில் 0 முதல் 255 வரை. எச்டிஎம்ஐயில் மாட்டிய மானிட்டரைச் சில நேரம் கார்டின் டிரைவர் டிவி என்று நினைத்துக்கொண்டு 16–235 அனுப்புகிறது, மானிட்டரோ 0–255 வரும் என்று காத்திருக்கிறது. விளைவு, கறுப்பு சாம்பலாகிறது. இதைக் கண்டுபிடிக்க ஜிம்பில் 0, 5, 10, 15, 20, 25 என்று சாம்பல் கட்டங்கள் வரைந்து வைத்துக்கொண்டேன். முதல் கட்டம் நல்ல கறுப்பாகவும் அடுத்தடுத்தவை பிரிந்தும் தெரிந்தால் சரி. எல்லாமே வெளிறியிருந்தால் ஒரு கோளாறு, எல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக்கொண்டால் அதற்கு நேர் எதிரான கோளாறு.

இரண்டையும் வேண்டுமென்றே வைத்துப் பார்த்தேன். வெளிறிய திரையில் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை லெவல்ஸை (கறுப்பு, வெள்ளை எங்கே விழ வேண்டும் என்று திருத்தும் கருவி) இழுத்து அடித்தால், தாளில் அரக்குக் கரை கறுப்புக் கட்டியாக வந்தது, நெசவே தெரியவில்லை. அப்பிய திரையில் நிழலைத் தூக்கிவிட்டு அடித்தால் ஜரிகை சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிட்டது. டிரைவர் அமைப்பில் ஃபுல் ரேஞ்ச் என்று மாற்றினால் தீர்ந்தது, செலவு இல்லை. கார்டு அச்சைத் தொடுவதில்லை, ஆனால் கார்டு காட்டுவதை நம்பி நாம்தான் கோப்பைத் திருத்துகிறோம்.

வெளிச்சமும் இதே வேலையைத்தான் செய்கிறது. கடையிலிருந்து வந்தபடியே பிரைட்னஸை விட்டுவைத்தால் எந்தப் படமும் ஜம்மென்று தெரியும், அதைப் பார்த்துத் திருத்திய படம் தாளில் இருட்டடிக்கும். தாள் தானாக ஒளிர்வதில்லையே. ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டரைக் கடன் வாங்கி, டிஸ்ப்ளேகேல் என்ற சாஃப்ட்வேர் வைத்து அளந்து, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 110 கேண்டெலா, வெள்ளையின் சாயல் 6500 கெல்வின், நடு நிறங்களின் வெளிச்சத்தைச் சொல்லும் காமா 2.2 என்று வைத்தேன். கருவி இல்லாதவர்கள் திரையில் வெறும் வெள்ளையைத் திறந்து, பக்கத்தில் நல்ல வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஒத்துப்போகும்வரை பிரைட்னஸைக் குறைத்தாலே முக்கால்வாசி வந்துவிடும்.

இந்த அளவெடுப்பில் கிடைப்பது இரண்டு தனித்தனி சமாசாரங்கள், இதைப் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, கார்டுக்குள் ஏற்றப்படும் திருத்த அட்டவணை. இது திரை முழுவதையும் பாதிக்கும், சில விளையாட்டுகளைத் திறந்தால் சத்தமில்லாமல் அழிந்தும் போகும். இன்னொன்று ஐசிசி ப்ரொஃபைல், அதாவது மானிட்டர் எந்த நிறத்தை எப்படிக் காட்டுகிறது என்று விவரிக்கிற கோப்பு. இதை ஜிம்ப், ஃபயர்பாக்ஸ் மாதிரி நிறக் கணக்கு தெரிந்த சாஃப்ட்வேர்கள்தான் படிக்கும். ஒரே மானிட்டரில், ஒரே படம், ஜிம்பில் ஒரு நிறமாகவும் சாதாரண வியூவரில் வேறு நிறமாகவும் தெரிவது இதனால்தான். அட்டவணைக்கு ரொம்ப வேலை கொடுத்தால் வானம் படிப்படியாகப் பட்டை விழும், ஆனால் அந்தப் பட்டை அச்சில் வராது. மானிட்டரின் சொந்த ஆர்ஜிபி பட்டன்களிலேயே முடிந்தவரை சரிசெய்துவிட்டு மிச்சத்தை மட்டும் கார்டிடம் விட்டால் அதுவும் போய்விடுகிறது.

சாஃப்ட்வேர் பக்கம் வந்தால் கதையே வேறு, இங்கே தொடுவது எல்லாம் நேரே தாளில் விழும். விண்டோஸில் ஜிம்ப் அச்சடிக்கும்போது தாளுக்கேற்ற நிற மாற்றத்தைத் தானாகச் செய்வதில்லை. அதனால் கோப்பின் நகலில், தாள் தயாரிப்பாளர் தரும் ப்ரொஃபைலுக்கு நானே மாற்றிவிட்டு, பிரிண்டர் டிரைவரில் நிறத் திருத்தத்தை அறவே அணைத்தேன். அணைக்காமலும் ஒன்று அடித்துப் பார்த்தேன்: இருவர் திருத்தினால் ஒருவர் செய்ததன் மேல் இன்னொருவர் செய்வார், சேலை முழுக்க ஒரு ரோஸ் வாடை. இன்னொன்று, டிரைவரில் தாள் வகையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் எந்த ப்ரொஃபைலும் காப்பாற்றாது, ஏனென்றால் எவ்வளவு மை ஊற்றுவது என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்கிறது.

மயில்கழுத்துதான் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம். 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் அன்றைய சிஆர்டி (படக்குழாய்) மானிட்டர்களை மனதில் வைத்து முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்பில் ஆழ்ந்த பச்சை கலந்த நீலத்துக்கு இடம் குறைவு. கிளாஸி தாளில் இங்க்ஜெட் மை அந்தப் பகுதியில் அதைத் தாண்டிப் போகும். கேமராவின் மூலக் கோப்பான ரா கோப்பிலிருந்து எஸ்ஆர்ஜிபியாக ஒன்றும், அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி வரம்பில் 16 பிட்டாக ஒன்றும் எடுத்து அடித்தேன். திரையில் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருந்தன, என் மானிட்டரால் காட்ட முடிந்தது அவ்வளவுதான். தாளில் இரண்டாவதன் மடிப்புகளில் அந்தப் பச்சை ஓட்டம் வந்தது. திரைதான் எப்போதும் அச்சைவிட உசத்தி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை ஒரு முறை செய்து பார்க்கலாம். ஊதாவுக்குப் பக்கத்தில் இருக்கிற அடர்நீலத்தில் நிலைமை தலைகீழ்: திரை பளிச்சென்று காட்டும், மை கைவிரிக்கும்.

வெளியே லேபுக்குக் கொடுப்பதானால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். எஸ்ஆர்ஜிபி ஜேபெக், அவ்வளவுதான். அடோபி ஆர்ஜிபியில் கொடுத்து, அங்கே ப்ரொஃபைலைப் படிக்காமல் விட்டால் படம் சோகை பிடித்து வரும். "கரெக்‌ஷன் எதுவும் போட வேண்டாம்" என்று வாயால் சொல்லிவிடுவதும் நல்லது, இல்லாவிட்டால் ஆபரேட்டர் தன் கண்ணுக்குப் பிடித்தபடி ஒரு திருகு திருகிவிடுவார்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. 6000 × 4000 பிக்சல் படத்தை 12 × 18 அங்குலத்தில் அடித்தால் அங்குலத்துக்கு 333 பிக்சல், தாராளம். அதே படத்தை என் மானிட்டரில் 100 சதவீதத்தில் பார்ப்பது கிட்டத்தட்ட 65 அங்குல அகலத்துக்கு விரித்து மூக்கை ஒட்டிப் பார்ப்பதற்குச் சமம். அங்கே தெரிகிற புள்ளி நாய்ஸைத் துடைக்கிறேன் என்று போனால் பட்டின் இழையும் சேர்ந்து போகும்.

இப்போது நிற்கும் இடம்: பகல் வெளிச்சத்தில் சேலையும் பிரிண்டும் பக்கத்தில் வைத்தால் மயில்கழுத்து ஏறக்குறைய ஒத்துப்போகிறது. கூடத்து எல்இடி டியூபின் கீழே போனால் பிரிகிறது, பட்டின் சாயமும் பிரிண்டர் மையும் ஒரே ஒளியை வேறு வேறு விதமாகத் திருப்புகின்றன, இதற்கு எந்த ஸ்லைடரும் கிடையாது. என் தாளுக்கென்றே ப்ரொஃபைல் தயாரிக்க மானிட்டர் கலரிமீட்டர் உதவாது, தாளை அளக்க ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும், அதன் விலையைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். அடுத்து மேட் தாள். கறுப்பு அதில் கிளாஸி அளவுக்கு ஆழமாக இறங்காது என்பதால் அரக்குக் கரைக்குத்தான் முதலில் ஒரு சின்னத் துண்டு அடித்துப் பார்க்கப் போகிறேன்.